நாலு பேர் எதிரில் ஒருவருக்காகப் பேசுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறப்பு, நிறம், மதம், உடல், நோய், யாரை விரும்புகிறார் என்று ஏதோ ஒன்றைச் சொல்லி ஒருவரை ஒதுக்கும்போது, பக்கத்தில் இருப்பவர் என்ன செய்யலாம்? மாணவர்களோடும் வேலைக்குப் போகிறவர்களோடும் இதைப் பற்றி அடிக்கடி பேசுகிறேன். கூட்டத்தில் பெரும்பாலும் யாரும் கேள்வி கேட்பதில்லை. எல்லோரும் கலையும்போது ஓரமாக வந்துதான் கேட்கிறார்கள், கேட்பதும் ஏறக்குறைய ஒரே கேள்விகள். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே தந்திருக்கிறேன். இந்தப் பக்கம் ஒதுக்கப்படுகிறவருக்காக எழுதியது இல்லை. அவருக்கு இதெல்லாம் நம்மைவிட நன்றாகவே தெரியும். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பவருக்காக எழுதியது.

தைரியம்னா தைரியம்தானே? இதை மட்டும் ஏன் தனியாப் பேசணும்?

எரிகிற வீட்டுக்குள் ஓடிக் குழந்தையைத் தூக்கிவருபவரை ஊரே கொண்டாடும். ஒதுக்கப்பட்டவருக்காகப் பேசுபவரை அதே ஊர் முறைக்கும். இங்கே உயிருக்கு ஆபத்து இல்லாமல் இருக்கலாம். போவது நல்ல பெயர், பழைய நட்பு, சில சமயம் வேலை. பாராட்ட வேண்டிய கூட்டமே எதிர்ப்பக்கம் நிற்கிறது. சண்டைக்கு அஞ்சாதவர்கள்கூடச் சொந்தக்காரர்கள் கூடியிருக்கும் இடத்தில் வாயைத் திறக்க முடியாமல் தலையைக் குனிந்துகொள்வது இதனால்தான்.

1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தின் பரிசு மேடையை எடுத்துக்கொள்ளுங்கள். தங்கம் வென்ற டாமி ஸ்மித்தும் வெண்கலம் வென்ற ஜான் கார்லோஸும் அமெரிக்கக் கறுப்பினத்தவர். நிறப்பாகுபாட்டை எதிர்த்து, கறுப்புக் கையுறை அணிந்த முஷ்டியை உயர்த்தி நின்றார்கள். இரண்டாம் இடத்தில் நின்ற ஆஸ்திரேலிய வெள்ளையர் பீட்டர் நார்மன் கையை உயர்த்தவில்லை. ஆனால் அவர்கள் சட்டையில் குத்தியிருந்த அதே மனித உரிமைச் சின்னத்தைக் கேட்டு வாங்கித் தன் சட்டையிலும் குத்திக்கொண்டார். அது பிரச்சினையாகும் என்று தெரிந்தேதான் குத்திக்கொண்டார். 1972 ஒலிம்பிக் அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அதற்கு இதுதான் காரணமா என்பதில் இன்றைக்கும் வாதம் உண்டு. 2006-ல் அவர் இறந்தபோது சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ஸ்மித்தும் கார்லோஸும் இருந்தார்கள்.

நான் ஒருத்தன் பேசி என்ன ஆகிடப்போகுது?

நிறையவே ஆகும். 1951-ல் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு எளிய சோதனை செய்தார். ஒரு அட்டையில் ஒரு கோடு, இன்னொன்றில் மூன்று கோடுகள். மூன்றில் எது முதல் கோட்டின் நீளம் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும் விடை. ஆனால் அறையில் இருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷின் ஆட்கள், வேண்டுமென்றே ஒரே தவறான விடையைச் சொன்னார்கள். விஷயம் தெரியாத அந்த ஒருவரின் விடைகளில் மூன்றில் ஒரு பங்கு கூட்டத்தோடு போனது. நான்கில் மூன்று பேர் ஒரு முறையாவது கண்ணால் கண்டதை விட்டுவிட்டுக் கூட்டம் சொன்னதைச் சொன்னார்கள்.

முக்கியமான பகுதி இனிமேல்தான். அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவரைச் சரியான விடை சொல்ல வைத்தார் ஆஷ். கூட்டத்தோடு போவது நூற்றுக்கு ஐந்து என்ற அளவுக்கு விழுந்துவிட்டது. அந்த ஒருவர் சாமர்த்தியசாலியாக இருக்க வேண்டியதில்லை. கூட்டத்திலிருந்து விலகி வேறொரு தவறான விடையைச் சொன்னபோதுகூட மற்றவர்களுக்குத் துணிவு வந்தது. நீங்கள் பேசினால் எதிரில் இருப்பவர் மனம் மாறுவாரா என்பது சந்தேகம்தான். ஆனால் உள்ளுக்குள் உங்களைப் போலவே நெளிந்துகொண்டிருக்கும் இன்னொருவர் அந்த அறையில் இருப்பார். அவருக்கு நீங்கள்தான் அந்த ஒருவர்.

அந்த இடத்துல வாயே வரமாட்டேங்குது. வீட்டுக்கு வந்தப்புறம்தான் இதைச் சொல்லியிருக்கலாமேன்னு தோணுது.

இதைத்தான் மிக அதிகமாகக் கேட்கிறார்கள். கோழைத்தனம் என்று தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. 1968-ல் டார்லி, லட்டானே என்ற இருவர் நடத்திய சோதனையில், வேறொரு அறையில் ஒருவருக்கு வலிப்பு வருவது போன்ற குரல் ஹெட்ஃபோன் வழியாகக் கேட்கும். தான் மட்டுமே கேட்கிறேன் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அந்தக் குரல் அடங்குமுன்பே உதவி தேடி எழுந்தார்கள். இன்னும் நான்கு பேருக்கும் கேட்கிறது என்று நினைத்தவர்களில் 31 சதவீதம் பேர்தான் எழுந்தார்கள். மற்றவர்கள் கல்நெஞ்சர்கள் இல்லை. பலருக்குக் கை நடுங்கியது, வியர்த்தது. இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்ற எண்ணம்தான் காலைக் கட்டிப்போட்டது.

வாய் வராததற்கு மருந்து, வாக்கியத்தை முன்கூட்டியே வைத்திருப்பது. பிரசங்கம் வேண்டாம், நாலைந்து சொல் போதும். கேலிப்பேச்சு வந்தால், "புரியல, இதுல சிரிக்க என்ன இருக்கு? கொஞ்சம் விளக்குங்க" என்று சாதாரணக் குரலில் கேட்டுப்பாருங்கள். விளக்க ஆரம்பித்தால் அந்த நகைச்சுவை அங்கேயே செத்துவிடும். ஒருவர் பேச்சை வெட்டிக்கொண்டே இருந்தால், "அவர் முடிக்கட்டும்." பெரியவர் ஏதாவது சொன்னால், "அப்படிச் சொல்லாதீங்க, எனக்கு அது சரியாப் படல." வீட்டில் இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சிரிப்பாக இருக்கும், பரவாயில்லை.

பேச்சே வராவிட்டால் உடம்பையாவது நகர்த்தலாம். ஒருவர் தட்டோடு வரும்போது காலி நாற்காலியில் பையை வைத்து "ஆள் வராங்க" என்று சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். அப்போது உங்கள் பக்கத்து நாற்காலியை இழுத்துவிட்டு "இங்க வாங்க" என்றால் போதும். பையை வைத்தவரிடம் ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை. மேசையில் இருந்த எல்லோருக்கும் புரிந்துவிடும்.

பயமே இல்லாதவங்களாலதானே இதெல்லாம் முடியும்? நான் இயல்பிலேயே பயந்த சுபாவம்.

1940 கோடையில் லித்துவேனியாவின் கவுனாஸ் நகரில் ஜப்பானியத் தூதரக அலுவலகத்தின் வாசலில் யூத அகதிகள் குவிந்தார்கள். உள்ளே சியுனே சுகிஹாரா என்ற அதிகாரி. விசா கொடுக்க அனுமதி கேட்டு டோக்கியோவுக்குத் தந்திகள் அனுப்பினார். விதிப்படியான தகுதி இல்லாதவர்களுக்குக் கூடாது என்றே பதில் வந்தது. சின்னக் குழந்தைகளோடு குடும்பம் அந்தக் கட்டடத்திலேயே இருந்தது. மனைவியோடு பேசினார், தயங்கினார், அப்புறம் எழுதத் தொடங்கினார். அலுவலகம் மூடப்பட்டு ஊரைவிட்டுக் கிளம்பும்வரை கையாலேயே எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய பட்டியலில் 2,139 பேர் இருக்கிறார்கள். ஒரு விசாவில் ஒரு குடும்பமே பயணம் செய்தது என்பதால் தப்பியவர்கள் அதைவிட அதிகம். மேலிடத்திடம் மறுபடி மறுபடி கேட்ட மனிதரைப் பயமில்லாதவர் என்று எப்படிச் சொல்வது?

நாஜிகள் காலத்தில் யூதர்களுக்கு அடைக்கலம் கொடுத்தவர்களைப் பின்னாளில் ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தாமாகத் தேடிப் போய் உதவியவர்கள் இல்லை. யாரோ வந்து "ஒரு ராத்திரி மட்டும் இவரை வைத்துக்கொள்ள முடியுமா?" என்பது போலக் கேட்டிருக்கிறார்கள். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். ஆகவே தனியாகக் குதிக்கும் சுபாவம் இல்லாவிட்டால், ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவர் பக்கத்தில் போய் நில்லுங்கள். அவர் உங்களைக் கேட்பார்.

சம்பந்தப்பட்டவங்களே சும்மா இருக்காங்க. நடுவுல நான் எதுக்கு?

சும்மா இருப்பதற்கும் ஒப்புக்கொள்வதற்கும் நிறைய தூரம். அதே அவமானம் அவருக்கு நேற்றும் நடந்திருக்கும், நாளையும் நடக்கும். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னால் "எப்பப் பார்த்தாலும் சண்டை" என்ற பெயர்தான் மிஞ்சும். எதற்குப் பேசுவது, எதை விடுவது என்று அவர் கணக்குப் போட்டே இருக்கிறார்.

அதே வாக்கியத்தை நீங்கள் சொன்னால் உங்களை யாரும் அப்படிச் சட்டென்று ஒதுக்கிவிட முடியாது, உங்களுக்கு அதில் சொந்த ஆதாயம் இல்லையே. இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் எப்போது வேண்டுமானாலும் இந்தச் சண்டையிலிருந்து எழுந்து வீட்டுக்குப் போகலாம். அவரால் முடியாது. துணை நிற்பதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றே ஒன்று இருந்தால் அது இதுதான். அந்த வசதி நமக்கு இருப்பதால்தான் பேச வேண்டியிருக்கிறது.

நான் பேசப்போய் அவங்களுக்கே சிக்கல் ஆகிட்டா?

ஆகும், ஆகியும் இருக்கிறது. நீங்கள் வீரவசனம் பேசிவிட்டுப் போய்விடுவீர்கள். மறுநாள் அதே மேலாளர் முன்னால் அவர்தான் நிற்க வேண்டும். அதனால் நேரம் இருக்கும்போதெல்லாம் முதலில் அவரிடம் கேளுங்கள்: "நான் பார்த்தேன். இதைப் பத்தி நான் பேசட்டுமா, இல்ல வேண்டாமா?" வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஏன் என்று விளக்கம் கேட்டுக் குடையக்கூடாது.

செய்யவே கூடாத ஒன்று, அவர் அவமானப்படுவதைப் படம் பிடித்து அவரைக் கேட்காமல் நாலு பேருக்கு அனுப்புவது. ஆதாரமாக வைத்திருப்பது வேறு, அதை அவரிடம் கொடுத்து முடிவை அவர் கையில் விட்டுவிடுங்கள். கேட்க நேரமில்லாத நிலைமை, அதாவது கண்ணெதிரே அடி விழுகிறது என்றால், இந்தப் பேச்சுக்கெல்லாம் இடமில்லை. ஆள் சேர்த்து நிறுத்த வேண்டும்.

கேலி பண்ணுறாங்க, பட்டப்பேர் வைக்கிறாங்க. இதைத் தாங்க எருமைத்தோல் வேணுமோ?

1848-ல் புனேயில் பெண்களுக்கான பள்ளி தொடங்கியபோது சாவித்திரிபாய் புலேவுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைகளுக்கும் அவரும் கணவர் ஜோதிராவும் பள்ளி நடத்தினார்கள். பள்ளிக்கு நடந்து போகும் வழியில் சேற்றையும் சாணத்தையும் எறிந்தார்கள். அவர் செய்ததைக் கவனியுங்கள்: பையில் ஒரு மாற்றுச் சேலை எடுத்துப் போனார். பள்ளிக்குப் போனதும் அழுக்குச் சேலையை மாற்றிக்கொண்டு பாடத்தை ஆரம்பிப்பார்.

எனக்கு மிகப் பிடித்த விவரம் இது. நாளைக்கும் எறிவார்கள் என்று அவருக்குத் தெரியும், அதற்கு ஏற்பாடு செய்துகொண்டார். தோல் தடிக்கவில்லை, வலிக்கத்தான் செய்திருக்கும். உங்களுக்கு மாற்றுச் சேலை எது என்று யோசித்துப் பாருங்கள். அன்று மாலை தொலைபேசியில் பேச ஒரு நண்பரா, அந்தக் குழுவின் அறிவிப்பு ஒலியை நிறுத்தி வைப்பதா, எதுவாகவும் இருக்கலாம். பேசுவதற்கு முன்பே அது தயாராக இருக்கட்டும்.

1897-ல் பிளேக் பரவியபோது, நோய் கண்ட ஒரு சிறுவனைச் சிகிச்சைக்குத் தூக்கிப் போனார் சாவித்திரிபாய். நோய் அவருக்கும் தொற்றி, அந்த மார்ச் மாதம் இறந்தார்.

எங்க அப்பா அம்மாவே பாகுபாடு பார்க்கிறாங்க. அவங்ககிட்ட என்னத்தைப் பேசுறது?

வெளியே மேடையேறிப் பேசுபவர்கள் வீட்டில் அடங்கிப்போகும் இடம் இது. கோபம் மட்டுமே இருந்தால் சுலபம். பாசமும் இருக்கிறதே.

சில விஷயங்கள் உதவும் என்று கண்டிருக்கிறேன். விருந்தாளிகள் முன்னால் திருத்தப் போகாதீர்கள். மூன்றாவது கேள்விக்குச் சொன்ன சின்ன வாக்கியத்தோடு அப்போதைக்கு நிறுத்திக்கொண்டு, மிச்சத்தைத் தனியாக இருக்கும்போது வைத்துக்கொள்ளலாம். கருத்தை மாற்ற முயல்வதைவிட நடத்தையைக் கேட்பது நடக்கிற காரியம். "அப்பா, உங்க மனசுல என்ன இருக்குன்னு நான் கேக்கல. அவன் வர்ற அன்னிக்கு எல்லாருக்கும் குடுக்கிற மாதிரியே அவனுக்கும் குடுங்க. முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் அவனை வெளியிலேயே பார்த்துக்கிறேன்." இதில் மிரட்டல் இல்லை, எல்லை இருக்கிறது. அறுபது வயதுக்காரரின் நம்பிக்கை ஒரு மாலையில் மாறாது. ஆனால் மகனோ மகளோ எதை ஏற்கமாட்டார் என்று தெரிந்துவிட்டால், அவர் என்ன சொல்கிறார் என்பது மாறும். நம்பிக்கை பின்னாலேயே மெதுவாக வந்தாலும் வரலாம்.

ஒரு எச்சரிக்கை. வீட்டாரைச் சோதிப்பதற்காக நண்பரை அழைத்துப் போகாதீர்கள். அவர் உங்கள் புரட்சிக்கான பரிசோதனைப் பொருள் இல்லை. வீட்டு நிலைமையை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வருவதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். அப்புறம், பெற்றோரைவிட நாம் உயர்ந்தவர்கள் என்ற நினைப்பில் ஒரு தனி ருசி இருக்கிறது. அந்த ருசி நாக்கில் ஏறினால் பேச்சைத் தள்ளிப்போடுவது நல்லது.

பேர் கிடைக்கும்னு செஞ்சா அதுல தன்னலம் இருக்கே? அப்போ அது போலிதானே?

கலப்பில்லாத நோக்கத்தோடு யாரும் எதுவும் செய்வதில்லை. பாராட்டு பிடிக்கும் என்பதற்காகச் சும்மா இருப்பதைவிட, பாராட்டுப் பிடித்துக்கொண்டே பேசுவது மேல். ஆனால் ஒரு சோதனை உண்டு. பெயர் வேறொருவருக்குப் போனாலும் தொடர்வீர்களா?

அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில் பேருந்து இருக்கையை வெள்ளையருக்கு விட மறுத்தவர் ரோசா பார்க்ஸ் என்று எல்லோருக்கும் தெரியும், 1955 டிசம்பர் 1. அதே ஆண்டு மார்ச் 2-ம் தேதி அதே நகரில் கிளாடெட் கோல்வின் என்ற 15 வயதுப் பள்ளி மாணவி எழ மறுத்துக் கைதானார். வயது சின்னது, அப்புறம் கர்ப்பமானார் என்றெல்லாம் யோசித்த தலைவர்கள் அவரைப் போராட்டத்தின் முகமாக்கவில்லை. வலித்திருக்கும். ஆனாலும் பேருந்துகளில் நிறப்பாகுபாடு சட்டவிரோதம் என்று 1956-ல் தீர்ப்பு வாங்கிய வழக்கில் வாதிகளாக இருந்த நான்கு பெண்களில் அவர் ஒருவர். ரோசா பார்க்ஸ் அந்த நால்வரில் இல்லை.

சுகிஹாராவின் கதையிலும் ஒரு பெயர் விட்டுப்போகும். யான் ஸ்வார்ட்டெண்டைக் என்ற டச்சு கௌரவத் தூதர் முதலில் அந்த அகதிகளின் தாள்களில், டச்சு ஆட்சியில் இருந்த குராசாவோ தீவுக்குப் போக விசா தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தார். போய்ச்சேர ஓர் இடம் இருக்கிறது என்று காட்டிய அந்தக் குறிப்பை வைத்துத்தான் சுகிஹாராவால் வழிப்பயண விசா தர முடிந்தது.

என் சம்பளத்துலதான் வீடே ஓடுது. வேலை போனாலும் பரவாயில்லன்னு பேசணுமா?

யாரும் உங்களுக்கு அப்படி ஆணையிட முடியாது, நானும் சொல்லமாட்டேன். சுகிஹாராவை 1947-ல் வேலையிலிருந்து அனுப்பினார்கள். ஆட்குறைப்பு என்று காரணம் சொல்லப்பட்டது. தன் விலையை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும், அடுத்தவர் குடும்பத்தின் அரிசியை வைத்துத் தியாகம் பேசுவது அசிங்கம்.

அதற்காக வழியே இல்லை என்றும் ஆகிவிடாது. ரோசா பார்க்ஸ் கைதான இரவு, ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை, கல்லூரியின் படியெடுக்கும் இயந்திரத்தில் பேருந்துப் புறக்கணிப்புத் துண்டறிக்கைகளைப் பல்லாயிரக்கணக்கில் ஓட்டினார். தெரிந்தால் வேலைக்கே ஆபத்து, அதனால் வெளியே பேசிக்கொள்ளவில்லை. ஒரு ஆண்டுக்கும் மேல், 381 நாட்கள் நீடித்த அந்தப் புறக்கணிப்பில் சொந்தக் காரில் மற்றவர்களை ஏற்றிப் போனவர்கள் ஏராளம். மேடை ஏறாமல் செய்ய வேண்டிய வேலை எப்போதும் நிறைய. நடந்ததைத் தேதியோடு எழுதி வைப்பது, சாட்சி சொல்வது, பணியிடத் தேர்வில் ஒரு பெயரை விட்டுவிடாமல் மறுபடி எடுத்து வைப்பது.

ஒன்றை மட்டும் உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். உண்மையிலேயே வேலை போகுமா, அல்லது மேலாளர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசமாட்டாரா? பெரும்பாலும் இரண்டாவதுதான். அதை முதலாவது என்று சொல்லிக்கொள்கிறோம்.

எனக்குள்ளேயே அந்த எண்ணங்கள் இருக்கு. எந்த மூஞ்சியோட பேசுறது?

இருக்கிற மூஞ்சியோடுதான். முழுசாகச் சுத்தமான பிறகு பேசலாம் என்று காத்திருந்தால் யாரும் பேசப்போவதில்லை.

பேசினேன், ஒண்ணும் மாறல. வீண்தானே?

இன்றைய கேரளத்தில், அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த வைக்கம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்கக்கூடாது என்று இருந்த தடையை எதிர்த்து 1924 மார்ச் 30-ல் போராட்டம் தொடங்கியது. பெரியார் போய் இரண்டு முறை சிறைப்பட்டார். நடக்க ஏற்கெனவே உரிமை இருந்த சாதி இந்துக்கள், மன்னத்து பத்மநாபன் தலைமையில் திருவனந்தபுரம்வரை நடந்து போய், 25,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு மகாராணியிடம் மனு கொடுத்தார்கள். ஐந்தாவது கேள்வியில் சொன்ன எழுந்து வீட்டுக்குப் போகும் வசதி இவர்களுக்கு முழுசாக இருந்தது. 1925 பிப்ரவரியில் தீர்மானம் சட்டசபைக்கு வந்தது. 22-க்கு 21 என்று ஒரே வாக்கில் தோற்றது.

அன்று மாலை அவர்களில் எத்தனை பேர் உங்கள் கேள்வியைக் கேட்டிருப்பார்கள்! அந்த ஆண்டு முடிவதற்குள் மூன்று பக்கத் தெருக்கள் எல்லோருக்கும் திறந்தன. கிழக்குத் தெரு மட்டும் அப்போதும் அடைபட்டே இருந்தது. திருவிதாங்கூர் கோயில்களுக்குள்ளேயே எல்லா இந்துக்களும் போகலாம் என்ற பிரகடனம் 1936 நவம்பர் 12-ல் வந்தது. நீங்கள் பேசிய அன்று என்ன மாறியது என்று அன்றே எண்ணிப் பார்க்க முடியாது. ஆனால் பேசியும் மாறாமலே போன இடங்களும் உண்டு. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஒரு தடவை கண்ணெதிரே நடந்துச்சு, நான் சும்மா இருந்துட்டேன். இப்போ போய் என்ன செய்ய?

போகலாம். தாமதம் என்பது போகாமல் இருக்கக் காரணமாகாது. ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் பீட்டர் நார்மனிடம் மன்னிப்புக் கேட்டது 2012-ல், அவர் இறந்து ஆறு ஆண்டு கழித்து. உங்கள் ஆள் உயிரோடு இருக்கிறார், ஒருவேளை இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருக்கிறார்.

தனியாகப் பார்த்து, "அன்னிக்கு நான் அங்க இருந்தேன். நடந்தது தப்பு. நான் பேசியிருக்கணும்" என்று சொல்லுங்கள். அதற்குமேல் உங்கள் குற்ற உணர்ச்சியை விவரித்து, "பரவாயில்லைங்க" என்று அவரைச் சொல்ல வைக்காதீர்கள், உங்களைத் தேற்றுவது அவர் வேலை இல்லை. புகார் கொடுக்க நினைக்கிறாரா, உங்கள் சாட்சி தேவைப்படுமா என்று கேளுங்கள். தேவை என்றால், யார் என்ன சொன்னார், வேறு யார் இருந்தார் என்பதை நினைவில் இருக்கும்வரை எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு அவரிடமே கொடுத்துவிடுங்கள்.